பூங்காவில் பிள்ளைகளும் இருக்கட்டும், நாய்களும் இருக்கட்டும்

(கூட்டமைப்பின் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில், ஊர்ப் பூங்காவைப் பராமரித்து வரும் குழு உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



எனக்கு மேடையில் பேசிப் பழக்கம் இல்லை. குழுக் கூட்டத்தில் தீர்மானம் வாசிப்பேன், வரவு செலவு சொல்வேன், அவ்வளவுதான். "உங்க ஊர்ப் பூங்காவை நீங்க எப்படிப் பார்த்துக்கிறீங்க, நாய்த் தொல்லையை எப்படிச் சமாளிச்சீங்கன்னு மத்த ஊர்க்காரங்களுக்குச் சொல்லுங்க" என்று கூட்டமைப்பில் கேட்டார்கள். நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். தப்பு எங்கே செய்தோம் என்பதையும் சொல்கிறேன். கேட்டுட்டு உங்களுக்கு எது பொருந்துதோ அதை எடுத்துக்கோங்க.

முதலில் ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். மூன்று வருஷத்துக்கு முன்னால், ஊர் நாய்களுக்கு விஷம் வைக்கணும் என்று ஊர்க்கூட்டத்தில் கேட்டபோது, கை தூக்கியவர்களில் நானும் ஒருத்தி.

அன்று நடந்தது

எங்கள் ஊரில் ஊராட்சி அமைத்துக் கொடுத்த சின்னப் பூங்கா ஒன்று இருக்கிறது. ஊஞ்சல், சறுக்கு, நாலு சிமெண்ட் பெஞ்சு, நடக்கிறதுக்கு ஒரு பாதை. திறந்த புதிதில் அழகாக இருந்தது. ஆறு மாசத்தில் முள்செடி மண்டிவிட்டது. குழாயில் தண்ணி வரவில்லை. சுற்றுச்சுவருக்குப் பின்பக்கம் கோழிக்கடைக் கழிவைக் கொட்ட ஆரம்பித்தார்கள். கல்யாணம், காதுகுத்து என்றால் மிச்சச் சோறும் எச்சில் இலையும் அங்கேதான்.

சோறு இருக்கிற இடத்துக்கு நாய் வரும். முதலில் மூணு, நாலு வந்தது. அப்புறம் பத்துப் பன்னிரண்டு ஆனது. குட்டி போட்டது. ராத்திரி முழுக்கச் சண்டை. "குரைக்கிற நாய் கடிக்காது"ன்னு நாமும் பழமொழி சொல்லிக்கிட்டு சும்மா இருந்தோம்.

ஒருநாள் சாயங்காலம், எங்கள் குழு உறுப்பினர் ஒருத்தியின் மகன், ஏழு வயசுப் பையன், பந்து எடுக்கச் சுவருக்குப் பின்னால் போனான். குட்டி போட்ட நாய் ஒன்று அவன் காலைக் கவ்விவிட்டது. கெண்டைக்காலில் இரண்டு இடத்தில் பல் பதிந்து ரத்தம்.

அவன் அம்மா என்ன செய்தாள்? அவளைக் குறை சொல்லவில்லை, நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். அவளோட மாமியார் சொன்னபடி காயத்தில் சுண்ணாம்பும் மஞ்சளும் வைத்துத் துணியால் கட்டிவிட்டாள். மறுநாள் மந்திரிக்கக் கூட்டிக்கொண்டு போனாள். மூன்றாம் நாள்தான் கிராம சுகாதார செவிலியர் பார்த்துவிட்டு, "ஏம்மா, பிள்ளையோட உயிரோட விளையாடுறீங்களா?" என்று சத்தம் போட்டு, அரசு ஆஸ்பத்திரிக்கு அனுப்பி வைத்தார். காயத்தைக் கழுவி, காயத்தைச் சுற்றி ஒரு மருந்தும், கையில் தடுப்பூசியும் போட்டார்கள். பையன் பிழைத்தான். ஆனால் அந்த மூணு நாளையும் அப்புறம் வந்த ஒரு மாசத்தையும் அந்தத் தாய் எப்படிக் கடந்தாள் என்று எங்களுக்குத்தான் தெரியும். ராத்திரி எழுந்து எழுந்து பிள்ளை தண்ணி குடிக்கிறானா என்று பார்ப்பாளாம்.

விஷம் வைக்காமல் நிறுத்தியது யார்?

அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஊர்க்கூட்டம். எல்லாருக்கும் கோபம். விஷம் வைப்போம் என்றார்கள். நானும் கை தூக்கினேன். எங்கள் ஊர் கால்நடை மருந்தகத்தில் இருந்த டாக்டர் அம்மா, கறவை மாடு பார்க்க வந்தவர், கூட்டத்தைப் பார்த்துவிட்டு உள்ளே வந்தார். இரண்டே கேள்வி கேட்டார்.

"விஷம் வச்சா நாய் சாகும். கோழிக் கழிவு அங்கேயே கிடக்குமா, போயிடுமா?"

"கிடக்கும்" என்றோம்.

"அப்போ பக்கத்து ஊர் நாய் வந்து அந்த இடத்தைப் பிடிச்சுக்கும். அதுக்கு ஊசி போட்டிருக்கான்னு உங்களுக்குத் தெரியுமா? இங்கே இருக்கிற நாயாவது உங்க முகத்தைப் பார்த்துப் பழகினது."

அப்புறம், விஷம் வைத்துக் கொல்வது சட்டப்படி குற்றம் என்பதையும் சொன்னார். அந்த விஷத்தை ஆடு தின்னலாம், கோழி கொத்தலாம், நம்ம பிள்ளை கையில் கூடப் படலாம் என்றார். கூட்டம் அமைதியாகிவிட்டது. அன்றைக்கு முடிவு எதுவும் எடுக்காமல் கலைந்தோம். அந்த வாரக் குழுக் கூட்டத்தில்தான், "சரி, குப்பையை முதல்ல எடுத்துப் பார்ப்போம்" என்று தீர்மானம் போட்டோம். எங்கள் வேலை அப்படித்தான் தொடங்கியது.

நாய்க்கென்றே பூங்காவா?

அக்காமார்களே, நாய்க்குப் பூங்கா என்றால் நம்மில் பல பேருக்குச் சிரிப்பு வரும். எனக்கும் வந்தது. அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தில் பெர்க்லி என்று ஒரு ஊர். அங்கே ரயில் பாதையை மேலே கொண்டுபோகாமல் தரைக்கு அடியில் கொண்டுபோகணும் என்று மக்கள் கேட்டார்கள். அதற்கான கூடுதல் செலவை வரியாகத் தாங்களே கொடுப்பதாக 1966-ல் ஓட்டுப் போட்டு ஒத்துக்கொண்டார்கள். பாதை பூமிக்கு அடியில் போனதால் மேலே நிலம் மிஞ்சியது. அதில் ஓலோனி என்ற பூங்கா வந்தது. 1979-ல் அந்தப் பூங்காவின் ஒரு பகுதியை வேலி போட்டு நாய்களுக்கு விட்டார்கள். அந்த நாட்டிலேயே நாய்களுக்கான முதல் பூங்கா அதுதான் என்று பொதுவாகச் சொல்வார்கள். நாய் வளர்ப்பவர்களே சங்கம் சேர்ந்து அதைக் கவனித்துக்கொண்டார்கள்.

நம் பக்கத்தில் ஹைதராபாத் மாநகராட்சி, கொண்டாப்பூரில் 2018-ல் நாய்களுக்கென்று தனிப் பூங்கா திறந்தது. ஒரு கோடி ரூபாய்க்கு மேல் செலவு. அவ்வளவு பணம் நம் கிட்ட இல்லை, அது நமக்குத் தேவையும் இல்லை. ஆனால் இரண்டு விஷயம் அங்கேயிருந்து கற்றுக்கொள்ளலாம். ஒன்று, பிள்ளைகள் விளையாடுகிற இடமும் நாய் இருக்கிற இடமும் தனித்தனியாக இருக்கணும். இரண்டு, நாயைக் கொண்டுவருகிறவர்தான் அதன் அசிங்கத்தை அள்ளணும். இந்த இரண்டும் காசு கேட்காத விஷயம்.

நாங்கள் செய்த வேலைகள்

முதல் வேலை, கழிவு. கோழிக்கடைக்காரரிடம் சண்டைக்குப் போகவில்லை. நாலு பேர் போய்ப் பேசினோம். "நீங்களும் இந்த ஊர்ப் பிள்ளைக்கு மாமன்தானே அண்ணே" என்றோம். மூடி போட்ட டிரம் ஒன்று வைக்கச் சம்மதித்தார். ஊருக்கு வெளியே, கிணறும் ஓடையும் இல்லாத பக்கம், ஊராட்சிச் செயலர் இடம் காட்டினார். அங்கே ஆழமாகக் குழி வெட்டி, கொட்டக் கொட்ட மண் போட்டு மூடுகிறார்கள். விசேஷ வீட்டுக்காரர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவோம். முதல் இரண்டு மாசம் மீறினார்கள். மூன்றாம் மாசம் பழகிவிட்டது. கழிவு நின்றதும் வெளி நாய்களின் வரத்து குறைந்ததைக் கண்ணால் பார்த்தோம். நாய் பிடிக்கிற வண்டி எதுவும் அதுவரை வரவில்லை.

இரண்டாவது வேலை, தடுப்பூசி. ஒரு பகுதியில் இருக்கிற நாய்களில் நூற்றுக்கு 70 நாய்களுக்குத் தடுப்பூசி போட்டு, அதை விடாமல் தொடர்ந்தால் வெறிநோய் பரவும் சங்கிலி அறுந்துபோகும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. நாங்கள் நோட்டு போட்டோம். கடன் நோட்டு மாதிரியே நாய் நோட்டு! பேர், நிறம், ஆணா பெண்ணா, எந்தத் தெரு, யார் சோறு வைக்கிறார், ஊசி போட்ட தேதி. "செவலை - கோயில் தெரு - பெட்டை", "கருப்பன் - ரேஷன் கடை - கடுவன்" இப்படி. வீட்டு நாய், தெரு நாய் எல்லாம் சேர்த்து 31 வந்தது. தினமும் சோறு வைக்கிறவர் கூப்பிட்டால்தான் நாய் வரும். அதனால் முகாம் அன்று சோறு வைக்கிற பாட்டிமார்தான் முக்கிய ஆட்கள். டாக்டர் அம்மா ஊசி போட்டார். முதல் வருஷம் 19 நாய்க்குத்தான் போட முடிந்தது. இரண்டாம் வருஷம் 25. குட்டிக்கு மூன்று மாசம் ஆனதும் போடணும். அப்புறம் டாக்டர் சொல்கிற தேதியில் அடுத்த ஊசி, பிறகு வருஷா வருஷம். ஒரு வருஷம் போட்டுவிட்டு மறந்தால் பிரயோசனம் இல்லை.

செப்டம்பர் 28 உலக வெறிநோய் தினம். அந்தத் தேதியை ஒட்டி முகாம் கேட்டு மனுக் கொடுத்தால் நல்லது. மனுவைக் குழு பேரில் கொடுங்கள், கூட்டமைப்பு முத்திரையோடு கொடுங்கள். ஒத்தை ஆளாகப் போனால் "பார்க்கலாம்" என்பார்கள்.

மூன்றாவது வேலை, கருத்தடை. இதற்கு நாங்கள் நிறைய அலைந்தோம். கிராமத்துக்கு இந்த வசதி எளிதில் வருவதில்லை. சென்னையில் 1996-லேயே நாய்களைக் கொல்வதை விட்டு, கருத்தடை செய்து திரும்ப விடும் முறைக்கு வந்துவிட்டார்கள். நமக்கு இன்னும் எட்டவில்லை. இதுவரை ஆறு பெட்டை நாய்க்குத்தான் செய்ய முடிந்தது. செய்த நாய்க்கு அடையாளமாகக் காதில் சின்ன வெட்டு இருக்கும். இந்த வேலை பாதியில்தான் நிற்கிறது.

நான்காவது வேலை, சோறு வைக்கும் இடம். மத்திய அரசு 2023-ல் கொண்டுவந்த விலங்குப் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகள், பிள்ளைகள் விளையாடும் இடத்தையும் வீட்டு வாசல், மாடிப்படியையும் விட்டுத் தள்ளித்தான் நாய்க்குச் சோறு வைக்கும் இடம் குறிக்கணும் என்கிறது. பிள்ளைகளும் பெரியவர்களும் நடமாடாத நேரமாகப் பார்க்கணும், வைத்தவரே இடத்தைச் சுத்தம் செய்யணும். உச்ச நீதிமன்றமும் 2025 ஆகஸ்டில், சோறு வைக்கத் தனி இடம் ஒதுக்கணும், கண்ட இடத்தில் வைக்கக் கூடாது என்று சொன்னது. அதே வருஷம் நவம்பரில், பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, பஸ் நிலையம் மாதிரியான இடங்களில் நாய்கள் இருக்க விடக் கூடாது என்றும் உத்தரவு போட்டது. ஆகவே இடம் குறிப்பதற்கு முன் ஊராட்சியிலும் கால்நடை மருந்தகத்திலும் கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். எங்கள் பூங்காவின் வடக்கு மூலையில், புங்கமரத்துக்குக் கீழே, மூங்கில் தட்டி கட்டித் தனியாகப் பிரித்தோம். அங்கே ஒரு தண்ணித் தொட்டி. காலை ஆறு மணிக்கு ஒருவேளை, ராத்திரி எட்டு மணிக்கு ஒருவேளை. வயிறு நிறைந்த நாய் பெஞ்சுக்கு அடியில் படுத்துத் தூங்குகிறது, பிள்ளைகள் கையில் இருக்கும் பன்னுக்குப் பாய்வதில்லை.

ஐந்தாவது வேலை, அசிங்கம் அள்ளுவது. இதைச் சொல்ல வெட்கப்படக் கூடாது. நாய் மலத்தில் கொக்கிப்புழு, உருண்டைப்புழு இருக்கும். வெறுங்காலோடு, வெறுங்கையோடு மண்ணில் விளையாடும் பிள்ளைக்கு அதனால் தோலில் அரிப்பு வரும், வயிற்றுக்குள்ளும் போகும். தினம் காலையில் இரண்டு பேர் மண்வெட்டி, தட்டோடு ஒரு சுற்று வருகிறோம். தனிக் குழியில் புதைக்கிறோம். அதைக் காய்கறிச் செடிக்கு உரமாகப் போடக் கூடாது. இலைச்சருகுக்கு வேறு குழி, அந்த உரம்தான் செடிக்கு. நாய்களுக்குக் குடல்புழு மருந்தும் ஊசி போடும் அன்றே கொடுத்துவிடுகிறோம்.

ஆறாவது, மரம். வேம்பு, புங்கன், பூவரசு நட்டோம். யாரோ அழகுக்கு வைத்த அரளியைப் பிடுங்கிவிட்டோம். அது பிள்ளைக்கும் விஷம், ஆட்டுக்கும் விஷம், நாய்க்கும் விஷம்.

கணக்கு

பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். ஊரில் நாலு குழு. ஆளுக்கு மாசம் பத்து ரூபாய் பூங்காவுக்கென்று தனிச் சந்தா. சேமிப்போடு கலக்கவில்லை. தனி நோட்டு, தனி ரசீது. மாசக் கூட்டத்தில் வாசிக்கிறோம். வேலை முறை வைத்திருக்கிறோம். ஒரு நாளைக்கு இரண்டு பேர், காலையில் அரை மணி நேரம். வர முடியாதவர் வேறு ஒருவரை மாற்றி அனுப்பணும். அபராதம் போடவில்லை. போட்டிருந்தால் ஆறு மாசத்தில் கலைந்திருப்போம். ஊர் கூடித்தான் தேர் இழுக்கணும், அடிச்சு இழுக்க வைக்க முடியாது.

பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தது

சனிக்கிழமை தோறும் பூங்காவில் பிள்ளைகளை உட்கார வைத்துச் சொல்கிறோம். தின்கிற நாயையும், தூங்குகிற நாயையும், குட்டியோடு இருக்கிற நாயையும் தொடாதே. கல்லால் அடிக்காதே. வாலை இழுக்காதே. நாய் உன்னை நோக்கி வந்தால் ஓடாதே, கத்தாதே. மரம் மாதிரி நில், அதன் கண்ணைப் பார்க்காதே. கீழே விழுந்துவிட்டால் சுருண்டு படுத்து, முகத்தையும் கழுத்தையும் கையால் மூடிக்கொள். பிள்ளைகள் "மரம், மரம்" என்று விளையாட்டாகவே பழகிவிட்டார்கள்.

கடித்துவிட்டால்

இதை மட்டும் தயவுசெய்து மனசில் எழுதிக்கோங்க.

• உடனே ஓடுகிற தண்ணியில், சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிஷம் கழுவணும். குளிக்கிற சோப்பு, துணிச் சோப்பு எதுவானாலும் சரி.
• சுண்ணாம்பு, மஞ்சள், மிளகாய்ப்பொடி, காப்பித்தூள் எதுவும் வைக்கக் கூடாது. கட்டுப் போடக் கூடாது.
• அன்றைக்கே அரசு ஆஸ்பத்திரிக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ போகணும். ஊசி இலவசம். முன்னைப் போல் தொப்புளைச் சுற்றிப் போடுவதில்லை, கையில்தான்.
• போட்ட நாள், மூன்றாம் நாள், ஏழாம் நாள் என்று டாக்டர் எழுதிக் கொடுத்த தேதி எல்லாவற்றுக்கும் போகணும். வலி இல்லை, காயம் ஆறிவிட்டது என்று நடுவில் நிறுத்தக் கூடாது.
• ரத்தம் வந்த காயம் என்றால், காயத்திலேயே போடும் மருந்தும் உண்டு. அதைப் பற்றிக் கேளுங்கள்.
• வீட்டு நாய்தானே, குட்டிதானே, நகம்தானே பட்டது என்று விடாதீர்கள். பூனைக்கும் இதே கதைதான்.

வெறிநோயின் அறிகுறி தெரிய ஆரம்பித்தபின் பிழைத்தவர்கள் உலகத்திலேயே விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். அறிகுறிக்கு முன் ஊசி போட்டுக்கொண்டால் பிழைக்கலாம். 1885-ல் பிரான்சில் லூயி பாஸ்டர், வெறிநாய் கடித்த ஒன்பது வயசுப் பையனுக்குத்தான் முதல் முதலில் இந்த மருந்தைக் கொடுத்துக் காப்பாற்றினார். நம் குன்னூரில் 1907-லேயே அவர் பேரில் நிறுவனம் வந்துவிட்டது. நூறு வருஷத்துக்கு மேலாக மருந்து பக்கத்திலேயே இருக்கிறது. அதற்கப்புறமும் நம் பிள்ளை சுண்ணாம்பு வைத்துச் சாகலாமா?

முடிக்கும் முன்

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்லமாட்டேன். போன வருஷமும் ஒரு பெரியவரைக் கடித்தது. ஆனால் அவரே போய்க் குழாயடியில் காலை நீட்டி உட்கார்ந்து, "சோப்பு கொண்டாங்கடி, பதினைஞ்சு நிமிஷம் எண்ணுங்க" என்றார். அன்றைக்கே ஊசி போட்டாச்சு. கடித்த நாயின் பேர் எங்கள் நோட்டில் இருந்தது, ஊசி போட்ட தேதியும் இருந்தது. ஊரில் யாரும் விஷப் பேச்சு எடுக்கவில்லை.

அந்த முதல் பையன் இருக்கிறானே, அவன் இன்னும் பூங்காவுக்குள் வருவதில்லை. சுவர் ஓரம் வரைக்கும் வந்து, மற்ற பிள்ளைகள் ஊஞ்சல் ஆடுவதைப் பார்த்துக்கொண்டு நிற்பான். உள்ளே வா என்று நாங்கள் யாரும் கட்டாயப்படுத்துவதில்லை. அவன் அம்மா மட்டும் தன் முறை நாளில் தவறாமல் வந்து மண்வெட்டியை எடுத்துக்கொள்கிறாள். "உனக்கு ஏன்டி இந்த வேலை, நாங்க பார்த்துக்கிறோம்"னு நான் ஒருநாள் சொன்னேன். "அவன் என்னைக்காவது ஒருநாள் உள்ளே வருவான்ல அக்கா, அன்னைக்கு இடம் சுத்தமா இருக்கணும்" என்றாள்.

நாய் மேல பாசம் இருக்கிறவங்களும் வாங்க, பயம் இருக்கிறவங்களும் வாங்க. இரண்டு பேரும் சேர்ந்து நின்றால்தான் இந்த வேலை நடக்கும். உங்கள் ஊரில் பூங்கா இல்லாவிட்டால் கண்மாய்க் கரை இருக்கும், கோயில் மைதானம் இருக்கும், பள்ளிக்கூடத்துக்குப் போகிற பாதை இருக்கும். அடுத்த குழுக் கூட்டத்தில் ஒரு நோட்டு போட்டு, முதல் பக்கத்தில் உங்கள் தெரு நாய்களின் பேரை எழுதுங்கள். மத்ததெல்லாம் அதிலிருந்து தானாக வரும்.